எமர்ஜென்சி எக்ஸிட் ரெண்டு இருக்குதுங்க

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம். எங்கள் கம்பெனி சாம்பிள் ரூமில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். கோயம்புத்தூரிலிருந்து வந்த கவுன்சலிங் மேடம். எச்.ஆர். கீர்த்தனா. கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமி அண்ணன். செக்கிங் சூப்பர்வைசர் ஜெபராணி. தையல் லைன் சூப்பர்வைசர் என்கிற கணக்கில் நான்.

ஐந்தே பேர். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்? மறுநாள் காலை டீ டைமுக்குள் அந்த ரூமில் இருபது பேர் இருந்ததாகவும், ஒருவர் மயங்கி விழுந்ததாகவும், ஆம்புலன்ஸ் வந்ததாகவும் கதை அவிநாசி வரைக்கும் போய்விட்டது. யாரும் விழவில்லை. ஆம்புலன்ஸ் வரவில்லை. ஒரு ஆள் உண்மையைச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். "எழுதட்டுங்களா?" என்று அண்ணனிடம் கேட்டேன். "பேர மாத்திக்க அம்மிணி. ஆனா கட்டிங் மாஸ்டர்னே எழுது. எங்க ஆளுக படிக்கோணும்" என்றார்.

பேப்பரில் நான் எழுதுவதைப் படிக்கிற உங்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். கேஸை மூடினேனா என்று பஸ் ஏறிய பிறகு யோசித்து, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி ஓடுகிற ஆள். போன வருஷம் நெஞ்சு படபடவென்று அடிக்கிறதே என்று ஈ.சி.ஜி. எடுத்தேன். நார்மல். மெஷின் சரியில்லையோ என்று வேறு இடத்தில் எடுத்தேன். அதுவும் நார்மல். ரெண்டு மெஷினும் ஒரே கம்பெனியோ என்று அதற்கும் கவலைப்பட்டேன்... இப்படிப்பட்டவளை, "மனசு நல்லா இருக்கா?" என்று கேட்கிற கூட்டத்துக்குக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்?

விஷயம் இதுதான். எங்கள் பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர், தொழிலாளிகளின் மனநலம் பற்றிப் பேச ஆள் வரவழைத்துக் கூட்டம் போடச் சொல்லிவிட்டார். முதலில் சூப்பர்வைசர்கள், மாஸ்டர்கள். பிறகு மற்றவர்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு வெளியாள் கழுத்தில் டேக் மாட்டிக்கொண்டு, கையில் பேடு வைத்துக்கொண்டு உள்ளே வந்தால் அவர் ஆடிட்டர். கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பையர் அனுப்பிப் பார்க்கிறவர். அவர் வருவதற்கு முந்தின நாள் எங்களுக்கு ரிகர்சல் நடக்கும். தீப்பிடித்தால்? பெல் அடித்ததும் வரிசையாக வெளியே போவோம். முதலுதவிப் பெட்டி? ஃப்ளோருக்கு ரெண்டு. ஓவர்டைம்? இஷ்டப்பட்டால் மட்டும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் இந்தப் பாடத்தில் எனக்கு நூற்றுக்கு நூறு.

அந்த வியாழக்கிழமையும் கீர்த்தனா வந்து, "அக்கா, வழக்கம் போலத்தான். ஸ்ட்ரெஸ் இருக்கான்னு கேட்டா இல்லைன்னு சொல்லிருங்க" என்றாள். நல்ல பெண். சின்ன வயசு. அவளுக்கும் மேலே ஆள் இருக்கிறது.

மனம் விட்டுப் பேசுகிற கூட்டத்துக்கு, மனதை எப்படிச் சாத்திக்கொள்வது என்று ரிகர்சல்!

மேடம் சிரித்த முகமாக ஆரம்பித்தார். "நான் ஆடிட் பண்ண வரலீங்க."

நாங்களும் சிரித்த முகமாகத் தலையாட்டினோம். எல்லா ஆடிட்டரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

"அண்ணா, நீங்க சொல்லுங்க. வேலையில எப்படிப் போகுது? மனசுக்கு எப்படி இருக்கு?"

பழனிச்சாமி அண்ணன் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எமர்ஜென்சி எக்ஸிட் ரெண்டு இருக்குதுங்க மேடம்."

ஜெபராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தென்காசிப் பக்கம். "அண்ணாச்சி, மேடம் மனசக் கேக்காவ. கதவ இல்ல."

"அதுக்கும் ரெண்டு வெச்சாப் போச்சு" என்றார் அண்ணன். மேடமே சிரித்துவிட்டார்.

அடுத்து ஜெபராணி. "ஜெபம் பண்ணுவேன் மேடம். சரியாயிரும்." அடுத்து நான். "டென்ஷன் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார். நெஞ்சு அந்த நேரத்திலும் டபடபவென்று ஓவர்லாக் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "இல்லீங்க" என்றேன்.

ஜெபராணி என் காதருகே குனிந்தாள். "பேப்பர்ல ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லுதீய. இங்கன வாயில தையல் போட்ட மாதிரி இருக்கீயளே!"

"நீ மட்டும்?"

"நான் பேப்பர்ல எழுதலியேக்கா."

என்ன சொல்ல? திருப்பூரில் ஒரு வார்த்தை வெளியே போனால் திரும்பி வராது. பக்கத்து யூனிட்டில் ஒரு அயர்ன் மாஸ்டர், மனசு சரியில்லை என்று ஒரு வாரம் லீவு கேட்டார். நிரந்தரமாகவே கொடுத்துவிட்டார்கள். இப்போதும் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் விரலை நெற்றிப் பக்கம் கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள். அந்த விரலுக்குப் பயந்துதான் பாதி ஊர் வாயைத் திறப்பதில்லை.

மேடம் விடவில்லை. மறுபடி அண்ணனைப் பார்த்தார். அவர் இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"சரிங்கண்ணா. தூக்கம் நல்லா வருதுங்களா?"

"தூக்கமுங்களா..."

அண்ணன் கீர்த்தனாவைப் பார்த்தார். கீர்த்தனா என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு ரிகர்சல் கிடையாது.

"தூக்கம் வந்து நாளாச்சுங்க" என்றார் அண்ணன்.

கட்டிங் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் அவர் அடுத்துச் சொன்னது புரியும். துணியை மேலே மேலே அடுக்காக விரிப்பார்கள். அதற்கு லே என்று பேர். மேலே அளவு போட்ட தாளை விரித்து, கரண்ட் கத்தியை அந்தக் கோட்டிலேயே ஓட்டவேண்டும். ஒரே ஓட்டம், நூற்றுக்கணக்கான பனியன். கை ஒரு நூல் விலகினால் அத்தனையும் விலகும்.

"போன சீசன்ல ஒரு லே தப்பா வெட்டிப் போட்டனுங்க. கை அளவு கொறஞ்சு போச்சு. அத்தனை பீசும் வேஸ்ட்டு. மொதலாளி ஒண்ணுஞ் சொல்லலீங்க. நாலு வார்த்த திட்டியிருந்தாக்கூடப் பரவால்லீங்க... அதுக்குப் பொறகு அளவ நாலு வாட்டி பாக்கறனுங்க. அஞ்சாவது வாட்டியும் பாக்காட்டி கத்தி நகர மாட்டேங்குது. நகத்துனா கை நடுங்குதுங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"தையல் தப்புன்னா பிரிச்சுப் போடலாம். வெட்டுனது வெட்டுனதுதானுங்களே" என்றார் அண்ணன்.

கட்டிங் மாஸ்டர் கை நடுங்குகிறது என்று சொல்வது, பஸ் டிரைவர் கண் தெரியவில்லை என்று சொல்வது போல. அதுவும் எச்.ஆர். எதிரில்! அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயசு. இந்தக் கத்தியை விட்டால் வேறு தொழில் தெரியாது. இனி எந்தக் கம்பெனியில் கத்தியை நம்பிக் கொடுப்பார்கள்?

எல்லோரும் கீர்த்தனாவைத்தான் பார்த்தோம். "அண்ணா, நான் வேணும்னா வெளிய இருக்கட்டுங்களா?"

"இரு கண்ணு. சொன்னது சொன்னதுதான்... வெட்டுனதாட்ட" என்றார். அப்போதும் ஒரு சிரிப்பு.

மேடம் அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது சர்க்கரை, பி.பி. மாதிரி ஒன்று, வைத்தியம் இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள், அதுவரை கத்தியைத் தொடாதீர்கள் என்று நிதானமாகச் சொன்னார். நல்லதைத்தான் சொன்னார். ஆனால் சாயந்திரம் அவர் கோயம்புத்தூர் போய்விடுவார். காலையில் அண்ணன்தானே கட்டிங் டேபிளுக்கு முன்னால் நிற்கவேண்டும்?

மறுநாள் காலை அங்கே அண்ணன் இல்லை.

என் புத்திக்கு வேலை கிடைத்துவிட்டது. கீர்த்தனா சொல்லிவிட்டாளா? ஜெபராணி வாய் சும்மா இருந்திருக்காதே? கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்களா? என் லைனில் ஒரு மெஷினுக்கு நூல் மாற்றவேண்டும் என்று மூன்று தடவை கூப்பிட்டும் எனக்குக் காது கேட்கவில்லை. கடைசியில் ஆபீஸ் படியில் அண்ணன் இறங்கி வருவதைப் பார்த்தேன். ஓடினேன்.

"யாருங்கண்ணா சொன்னது மொதலாளிகிட்ட?"

"நாந்தான். கண்டவன் வாயில கந்தலாகிப் போறதுக்கு முன்னால நானே போய்ச் சொல்லிப்போட்டேன்."

"என்ன சொன்னாருங்க?"

"ஏனப்பா, மிஷினு சத்தம் மாறுனா ஒடனே வந்து சொல்ற. உன்ற கை நடுங்குனதுக்கு இத்தன நாளான்னு கேட்டாரு. ஒரு மாசம் கத்தி வேண்டாம், லே விரிக்கறதப் பாத்துக்கன்னாரு."

"சம்பளம்?"

"பாக்கலாம்னாரு."

பாக்கலாம்! திருப்பூரில் இதைவிடப் பயங்கரமான வார்த்தை உண்டா? போனஸ் கேட்டால் பாக்கலாம். லோன் கேட்டால் பாக்கலாம். அதற்கு அர்த்தம் ஆமாமா, இல்லையா என்று முதலாளிக்கே தெரியாது. அண்ணன் சாதாரணமாகத்தான் போனார். நான்தான் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சாயந்திரம் வரை மென்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் போவதாக ஏற்பாடு. "நீயும் வா அம்மிணி. படிச்சவ ஒருத்தி கூட இருந்தா தெம்பு" என்றார். எட்டாவது ஃபெயிலைப் படித்தவள் என்று சொல்ல ஒரு ஆளாவது இருக்கிறாரே என்று கிளம்பினேன். அவர் சம்சாரம் சரசக்காவும் வந்தார்.

திருப்பூரில் மனநல டாக்டர் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் யாராவது பார்த்துவிட்டால்? அதனால் ஈரோடு. ரயிலில் ஊத்துக்குளி வந்தபோது சரசக்கா, "வரும்போது எறங்கி வெண்ணெய் வாங்கிக்கலாமுங்களா?" என்று கேட்டார். கவலையைச் சிலர் அப்படித்தான் கேட்பார்கள்.

கிளினிக் கதவைத் திறந்தோம். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார்? எங்கள் தெருவில் துணிக்குச் சாயம் போடுகிற டையிங் கம்பெனி வைத்திருக்கிறவர்! அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். நாலு பேரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தோம்.

முதலில் அவரே, "திருப்பூர்ல பாத்தா ஆளுக பேசுவாங்கன்னு..." என்றார்.

"நாங்களும் அதுக்குத்தானுங்க" என்றார் அண்ணன்.

திருப்பூருக்குப் பயந்தவர்கள் ஈரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம். ஈரோட்டுக்காரர்கள் எங்கே போவார்கள்? அன்றைக்குத் திருப்பூருக்கு வந்திருப்பார்களோ என்னவோ! ஒரே ரயிலில், எதிரும் புதிருமாக... தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓடுவது என்று எங்களில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். நெஞ்சுக்குள்ளே புகை கிளம்பினால் மட்டும், கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்போம்.

டோக்கன் கொடுக்கிற பெண் கேட்டாள். "யாருக்குங்க?"

அண்ணனைக் காட்டினேன்.

"ஒண்ணுதானுங்களா?"

ஒன்றுதான். ஒன்றுக்குத்தான் வந்தோம். ஆனால் என் வாய், எனக்கு முன்னால், "ரெண்டு" என்றுவிட்டது.

சரசக்கா திரும்பிப் பார்த்தார். "ஏனம்மிணி, உனக்குமா?"

"ஆமாங்க்கா."

"அட, பொறகென்ன! கூட்டாளி கெடச்சிருச்சே அவருக்கு."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். "ரெண்டுக்கும் சேத்து எடுத்துக்க கண்ணு."

நான் பர்ஸில் டிக்கெட் காசுதான் வைத்திருந்தேன். ஜி.பே.யில் அனுப்பலாம். ஆனால் பாங்க் மெசேஜ் என் பையன் போனுக்குத்தான் போகும். கிளினிக் பேரோடு போகும். என்னம்மா இது என்று அவன் கேட்டால்? விட்டுவிட்டேன்.

டாக்டர் அண்ணனுக்கு முதலில் ரத்தப் பரிசோதனை எழுதினார். நடுக்கத்துக்கு உடம்பிலும் காரணம் இருக்கலாமாம். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். தான் சொல்கிற வரைக்கும் கத்தி கூடாது என்றார். என்னிடம் நிறைய நேரம் கேட்டார். நானும் சொன்னேன், கேஸ் அடுப்பிலிருந்து ஈ.சி.ஜி. வரைக்கும். "இதுக்குப் பேரு பதற்ற நோய். சரி பண்ணலாம். ஆனா தயவுசெஞ்சு மூணாவதா ஒரு ஈ.சி.ஜி. எடுக்காதீங்க" என்றார்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். சாப்பிட்டேனா இல்லையா என்று அட்டையை எண்ணிப் பார்க்கவும் செய்கிறேன்.

அண்ணன் இப்போது லே விரிக்கிறார். தூக்கம் கொஞ்சம் வருகிறதாம். சனிக்கிழமை சம்பளக் கவரை அவர் பிரிக்கும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இதுவரை குறையவில்லை. கத்தியைப் பிடிக்க ஒரு புது ஆள் வந்திருக்கிறான். நன்றாக வெட்டுகிறான்.

அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை டாக்டர் ஃபீஸை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அண்ணன் வாங்கவில்லை. இரண்டு கையாலும் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னார். "நான் மறுபடி கத்தி புடிக்கற அன்னைக்குக் குடு அம்மிணி. அது வரைக்கும் உன்ற கிட்டயே இருக்கட்டும்."

பையனும் இதைப் படிப்பான். படிக்கட்டும்.

இந்த வாரம் வரைக்கும் பழனிச்சாமி அண்ணனுக்கு என் பாக்கி... ஐநூறு ரூபாய்.