டால்டா உருண்டையும் எங்கள் வீட்டு வாகும்

பெரம்பலூரில் நான் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் படிக்கும் பார்மசி கல்லூரியில், வாரா வாரம் லட்டு பிடிப்பேன். எலிகளுக்கு. தீவனத்தைப் பொடித்து, டால்டாவை உருக்கி ஊற்றி, சீனி கலந்து, சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும். பெரிய மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று அரியலூர் முழுக்கப் பெருமையடித்த என் அம்மா, ஒருநாள் வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு, "இதத்தான் நான் வூட்டுல சும்மாவே செய்யறனே" என்றாள்.

என்னிடம் இருப்பவை இரண்டு வம்சத்து எலிகள். கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. இரண்டிலும் பாதிக்கு வெறும் தீவனம், பாதிக்கு என் லட்டு. உடம்பு பெருப்பது ரத்தத்தாலா, தின்பதாலா, அதனால் குணம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். கருப்பெலிக்கு லட்டு வைத்தால் ஊதிவிடும். சர்க்கரை ஏறும். கூடு கட்டக் கொடுத்த பஞ்சை இழுத்துப் போட்டுக்கொள்ளக்கூட அதற்குச் சோம்பல். வெள்ளைக்கு அதே லட்டை வைத்தாலும் அவ்வளவாக ஏறுவதில்லை, ஆனால் அது பிறவிப் பயந்தாங்கொள்ளி; எதைத் தின்றாலும் சுவரோரம்தான் போகும். எனக்குப் பிடித்தது வெறும் தீவனம் தின்ற கருப்புதான். அதே வம்சம், அதே ரத்தம், ஆனால் சிக்கென்று ஓடிக்கொண்டிருக்கும்.

இதை நான் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கக் கூடாது. அப்பா ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்காரர். "இது எங்க வூட்டு வாகும்மா. எங்க அப்பாருக்கு இருந்துச்சு, ஒங்க அத்தைங்களுக்கு இருக்கு. ரத்தத்துல வந்தத சோத்துல மாத்த முடியுமா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வார். நான் வெறும் தீவனம் தின்ற கருப்பெலியின் கதையை எடுத்துவிட்டேன். ரொம்பக் கவனமாகக் கேட்டார்.

"அந்தக் கருப்புக்கு லட்டு குடுத்தா ஊதிடுதுல்ல?"

"ஊதிடும்."

"வெள்ளைக்குக் குடுத்தா?"

"அவ்வளவா இல்ல."

"பின்ன? அதத்தானே நானும் சொல்றேன்."

ஆராய்ச்சியில் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதில் அவர் எந்தப் பேராசிரியருக்கும் குறைந்தவரில்லை. கல்லூரியில் எலியின் வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க நான் வைத்திருக்கும் அதே சின்ன மெஷின்தான் வீட்டிலும் இருக்கிறது. எலி பேசாமல் கொடுத்துவிடும். இவர் விரலை லுங்கிக்குள் ஒளித்துக்கொண்டு, "என்னை எலியாக்காத பாப்பா" என்பார்.

அப்போது அவருடைய இடது கால் கட்டைவிரலுக்கு அடியில் செருப்பு கடித்த புண் ஒன்று ஆறாமல் இருந்தது. கேட்டால், வலியே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். எனக்குப் பயம் வந்ததே அதனால்தான். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் வலி தெரியாது. வலி தெரியாத கால் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத் தங்கைக்குக் கீழப்பழுவூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல பையன், நல்ல வேலை. ஜாதகமும் பொருந்திவிட்டது. தரகர் காபியைக் குடித்துவிட்டு, "அவங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். குடும்பத்துல சக்கரை கிக்கரை இருக்கான்னு" என்றார்.

அப்பா யோசிக்கவே இல்லை. "சேச்சே, எங்க பரம்பரையிலயே கெடையாது."

எங்கள் வீட்டு வாகு அந்த நிமிடத்தோடு காணாமல் போயிற்று. அதுவரைக்கும் சர்க்கரையில் செத்துப்போயிருந்த என் தாத்தா, அன்று மாலையிலிருந்து வயதாகிச் செத்துப்போனார். ஃப்ரிட்ஜ் மேலிருந்த மாத்திரை டப்பா அரிசி டிரம்முக்குள் போனது. மெஷினை என் பையில் திணித்து, "யாராச்சும் கேட்டா எலிக்குன்னு சொல்லிடு" என்றாள் அம்மா.

பெண் பார்க்க வந்தார்கள். அம்மா ரவா லட்டு பிடித்திருந்தாள், வாசத்துக்கு நெய்யும் மீதிக்கு டால்டாவும். தட்டு வந்தது. இந்த மாதிரி நேரத்தில் இனிப்பு வேண்டாம் என்று யாராவது கையை ஆட்டினால் போதும், வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் புரிந்துவிடும். அப்பா ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டார். அதைப் பார்த்த மாப்பிள்ளையின் அப்பாவும் ஒன்றை எடுத்தார். அப்பா இன்னொன்றை எடுத்தார். அவரும் விடவில்லை. "லட்டு பிரமாதமுங்க" என்று முழுங்கிக்கொண்டே சொன்னார். தினமும் லட்டு தின்பவர்களைப் பார்ப்பவள் நான். அத்தனை கஷ்டப்பட்டு எந்த எலியும் தின்று நான் பார்த்ததில்லை.

சம்பந்தம் பேசி முடிந்தது. அதிலிருந்து அப்பா அரியலூரில் வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டார். கிளினிக் இருப்பது கடைத்தெருவில், கீழப்பழுவூர்க்காரர்கள் வந்து போகும் இடம், யார் கண்ணிலாவது பட்டுவிடுமாம். "கல்யாணம் முடியட்டும்மா" என்றார். அவர்கள் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு தட்டு வந்தது. நிச்சயதார்த்தத்தன்று ஜிலேபி. நான் கண்ணைக் காட்டினால் அவர் மேளக்காரரைப் பார்ப்பார்.

ஒருநாள் அவர் தூங்கும்போது காலைப் பார்த்தேன். புண்ணின் ஓரம் கருத்திருந்தது. எழுப்பி, வாய்க்கு வந்தபடி கத்தினேன். கோபம் பாதி, பயம் பாதி. கடைசியில், பெரம்பலூரில் என் கல்லூரிக்குப் பக்கத்திலிருக்கும் டாக்டரிடம் வருகிறேன் என்று இறங்கி வந்தார். "அங்க நம்மள யாருக்குத் தெரியும்" என்று அவரே தைரியமும் சொல்லிக்கொண்டார்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தார். வெளியே போய் இட்லி சாப்பிட்டுத் திரும்பி வந்தோம். உள்ளே பெஞ்சின் கோடியில், துண்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"சம்பந்தி, நீங்க எங்க இங்க?" என்றார் அப்பா.

"தெரிஞ்சவரு ஒருத்தருக்கு முடியல. பாக்க வந்தேன். நீங்க?"

"பாப்பா காலேஜ் இங்கதான். சும்மா கூட வந்தேன்."

இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அப்போது நர்ஸ் எட்டிப் பார்த்து, "டிபன் சாப்பிட்டு ரெண்டாவது ரத்தம் குடுக்கறவங்கல்லாம் வாங்க" என்றாள். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

எனக்கு வந்த சிரிப்பில் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"எத்தினி வருசமா?" என்று அப்பா கேட்டார்.

"அது கெடக்கு பத்து வருசமா. எங்க வம்சத்துல வர்றதுங்க."

"எங்க வூட்லயும் அதே வாகுதான்" என்றார் அப்பா. அவர் முகத்தில் அத்தனை நிம்மதியைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. ஏதோ பதினோராவது பொருத்தமும் பார்த்து முடித்த மாதிரி இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கருப்பும் கருப்பும் சேர்ந்தால் பிறக்கும் குட்டிக்கு எந்தத் தட்டை வைப்பார்கள் என்று எனக்குள் ஓடியது. சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பாவின் காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்த டாக்டர் சிரிக்கவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் மருந்து கட்டியே ஆற்றியிருக்கலாம் என்றார். இனி விரலை எடுத்தால்தான் காலைக் காப்பாற்றலாம்.

எடுத்தார்கள். மறுநாள் காலை நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் அடங்கவில்லை. பாவமாகவும் இருந்தது, அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது.

"எலிக்கு வேற வழி இல்லப்பா. நான் வைக்கிறதத்தான் அது திங்கணும். உங்களுக்கு என்ன வந்துச்சு? தெரிஞ்சேதானே தின்னீங்க?"

"தெரிஞ்சேதாம்மா தின்னேன்" என்றார். "அந்தப் புள்ள உள்ள பட்டுப்பொடவ கட்டிக்கிட்டு நிக்குது. நான் வேணாம்னு கைய எடுத்திருந்தா அவங்க எந்திரிச்சுப் போயிருப்பாங்க."

"அவரும் உங்களாட்டந்தானே? அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா இவ்வளவும் இல்லல்லப்பா?"

அவர் போர்வையை இழுத்துக் கட்டுப் போட்ட காலை மூடினார்.

"கேட்டா நாமளும் சொல்லணுமேம்மா" என்றார்.