மாமாவுக்கு விழுந்த ஒன்று

விளையாட்டு என்றாலே எனக்கு ஆகாது. கேரம் காயின் கட்டிலுக்கு அடியில் ஓடினால் குனிந்துகூடப் பார்க்க மாட்டேன். அப்படிப்பட்டவன் நாற்பது வயதில், விடிகாலை பஸ்ஸில், ஒரு விளையாட்டின் விதிகளைப் போனில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு கடலூரிலிருந்து சிதம்பரம் போனேன் என்றால், எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று அர்த்தம். அக்கா புருஷன் இனி டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சொன்னதோடு நிற்கவில்லை. தொடர்ந்து இரண்டு தடவை போகவும் இல்லை. அப்புறம் ஒரு காலையில் மூச்சு வாங்கி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல், ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. வீடு வீடாக வயரிங் வேலை பார்த்தவர், ஒரு இடத்தில் பத்து நிமிஷம் உட்காராத மனுஷர். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம், கையில் இரண்டு ஊசியோடு சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அவரால் ஆகவில்லை.

"போதும் மச்சான். இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "உங்களுக்குப் போதும். அக்காவுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்கே டாக்டர் என்னையும் அக்காவையும் தனியாகக் கூப்பிட்டார். இதயம் ரொம்ப பலவீனமாக இருக்கிறது, கிட்னி மாற்றும் ஆபரேஷனைத் தாங்காது, கடைசி வரைக்கும் டயாலிசிஸ்தான் என்றார். வெளியே வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியக் கூடாதுடா. தெரிஞ்சுது, அன்னிக்கே ஊசியப் புடுங்கிப் போட்டுட்டு வந்துடுவாரு. ஆறு மாசத்துல மாத்திடலாம்னு சொல்லிட்டாங்கன்னு நான் சொல்லிக்கிறேன். நீயும் அதையே சொல்லு."

சரி என்றேன். நம் வீடுகளில் நோயாளியைத் தவிர எல்லோருக்கும் நோய் தெரியும். அதை மாற்ற நான் யார்?

சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், எங்கள் லேபில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் நண்பர்களோடு உட்கார்ந்து ஏதோ கதை விளையாட்டு ஆடுவாள். படித்த பிள்ளைகள் செய்கிற வேலையா என்று கிண்டல் செய்தவனே நான்தான். இப்போது அவளிடமே போய், எழுந்திருக்காமல் நாலு மணி நேரம் ஓட்ட முடியுமா என்று கேட்டேன்.

"ஒருத்தர் கதைய நடத்தணும் சார். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். நான் இதப் பண்றேன்னு வாயால சொல்லணும். நடக்குமா இல்லியான்னு டைஸ் சொல்லும். இருபது விழுந்தா சூப்பர். ஒண்ணு விழுந்தா காலி."

"நாலு மணி நேரத்துல முடிஞ்சிடுமா?"

"எங்க சார் முடியும்? மிச்சத்துக்கு அடுத்த தடவ வந்துதானே ஆவணும்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இருபது முகம் உள்ள பகடை ஒன்றை அவளிடம் இரவல் வாங்கினேன். ஆளாளுக்குத் தள்ளிவிடப் பார்க்கும் இரண்டாம் ஷிஃப்ட்டை நானாகக் கேட்டு வாங்கினேன். காலையில் சிதம்பரம், திரும்பும் பஸ்ஸில் கம்பெனி இருக்கும் செம்மங்குப்பத்தில் இறங்கி இரண்டு மணிக்கு வேலை.

ஆறு மாசம்தானே என்று அக்கா சொன்னதை நம்பி மாமா அரைமனதாக வந்து படுத்தார். முதல் நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போனில் படித்ததில் கோட்டை, மந்திரவாதி, நெருப்பு கக்கும் மிருகம் என்று என்னென்னவோ இருந்தது. அதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கே கூச்சம். பிச்சாவரம் மாதிரி ஒரு காடு, அதற்குள் நிறைய வாய்க்கால், நடுவில் ஒரு புதையல் என்று சுருக்கிக்கொண்டேன். நெருப்பு மிருகத்துக்குப் பதில் முதலை. கொள்ளிடக் கரையில் முதலை வந்த கதை சிதம்பரத்துக்காரருக்குப் புதிதா?

"நீங்க யாரா வேணா இருக்கலாம் மாமா. ராஜா, வீரன், திருடன்."

அவர் யோசித்தார். "இதுல தண்ணி குடிக்கலாமா?"

எனக்குப் புரியவில்லை.

"ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல கூடாதுன்னு உங்க அக்கா அளந்து குடுக்குறா. கொஞ்சம் ஜாஸ்தியானாலும் கத்துறா. கதையில குடிக்கலாம்ல?"

குடிக்கலாம் என்றேன். அவர் படகோட்டியானார். புதையலைத் தேடவில்லை, காட்டுக்குள் போகவில்லை. ஊர்க் கிணற்றில் வாளி வாளியாக இறைத்துக் குடித்தார். குளிர்ச்சியா இருக்குதா, உப்பா இருக்குதா என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டார். பஸ்ஸில் நான் மண்டையை உடைத்துக்கொண்டு தயார் செய்த கதை ஒரு வரிகூட நகரவில்லை. நானும் விடாமல் தண்ணீரையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒருவழியாகப் படகை எடுத்தார். குறுக்கே முதலை. அதைத் தாண்டிக் கரையில் குதிக்கிறேன் என்றார். ஊசி இல்லாத வலது கையால் டிபன் பாக்ஸ் மூடியில் பகடையை உருட்டினார். ஒன்று.

"தாயம்!" என்று கத்தினார். நர்ஸ் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காயே களத்தில் இறங்கும். ஒன்று என்றால் நமக்குச் சந்தோஷம். இந்த விளையாட்டிலோ அது இருப்பதிலேயே மோசமான எண். முதலை அவரைக் கவ்வியிருக்க வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று.

"தாயமேதான் மாமா. அது முதுகுலயே கால வெச்சுத் தாண்டிட்டீங்க," என்றேன்.

அன்றிலிருந்து பொய்தான். மூன்று விழுந்தாலும் ஜெயம், பதினெட்டு விழுந்தாலும் ஜெயம். படகோட்டிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. மாமா ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தார். என்ன மாயம்டா பண்ணே என்று அக்கா போனில் அழுதாள். எனக்குக் கர்வம்கூட வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஏழாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, நான் கதையை ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நேத்து போன்ல அந்த ரூல்ஸத் தேடிப் புடிச்சு முழுக்கப் படிச்சேன் மச்சான். ஒண்ணுன்னா தாயம் இல்லியாமே. ஆளே காலியாமே."

அசடு வழிந்தேன்.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"நீங்க வரணும்னுதான் மாமா."

தலைமாட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குழாயில் போகும் தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்த ஆறு மாசமும் இதே மாதிரி பொய்தானா?"

ஏழு வாரமாகப் புளுகியவனுக்கு இன்னொரு பொய் பெரிய வேலையில்லை. ஆனால் வாய் வரவில்லை. அவர் என் முகத்தைப் படித்துவிட்டார். சரி என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தார்.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத."

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். ஊசியைக் கழற்றியதும் பகடையை என் சட்டைப் பையில் போட்டார். சனிக்கிழமை வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமையை எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே தெரியாது. லேபில் ஒரே சாம்பிளை மூன்று தடவை டெஸ்ட் செய்து மூன்று ரிசல்ட் எழுதினேன். அக்காவுக்குப் போன் போடக் கை போகும், வந்துவிடும். அவளிடம் என்னவென்று சொல்வது? இந்த மனுஷர் இனி வராமல் வீட்டிலேயே படுத்துக்கொண்டால் அவரைக் கொன்றது நான். என் வாயும் இந்தப் பாழாய்ப்போன விளையாட்டும். இதைத்தான் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஆறரைக்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். ஏழு மணிக்கு வர வேண்டும். ஏழு ஆனது, ஏழே கால் ஆனது. உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, உங்க பேஷண்ட் வர்றாரா இல்லியா, அடுத்த ஆளப் போடவா என்று கேட்டார். ஐந்து நிமிஷம் சிஸ்டர் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த ஐந்தும் போனது.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினாள். அவள் மட்டும்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். பின்னாலேயே மாமா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"ஆட்டோவே கெடைக்கலடா," என்று அக்கா மூச்சு வாங்கினாள். "இவரு என்னடான்னா அஞ்சு மணிக்கே கெளம்பி ஒக்காந்துட்டாரு. கிட்னி மாத்துற வரைக்கும் இப்படியே ஓட்டிடலாம்ல?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"ஓட்டிடலாம், ஓட்டிடலாம். ஆறு மாசம்தானே," என்றார்.

அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது என்ற நிம்மதியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்த வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன்.