தனியாள் படம்

லண்டன் மோர்டனில் ஒரு பெற்றோல் செட்டில் இரவு பகலாய் நின்று பிள்ளைகளை ஆளாக்கிய மனுசன் பாலேந்திரா. சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்கு அலைந்தாலும், சேர்ட்டை அயர்ன் பண்ணாமல் வாசல் தாண்டமாட்டார்.

அவரைப் படம் கீறத் தாளும் பென்சிலுமாக வந்தாள் டாக்குத்தருக்குப் படிக்கும் கம்சிகா. நோயாளியின் மனதை அறிய மாணவர்கள் படம் கீறிக் கல்லூரிச் சுவரில் மாட்ட வேண்டுமாம். பாலேந்திரா கோட்டும் டையுமாக அசையாமல் இருந்தார்.

கீறியதை அவள் திருப்பிக் காட்டியதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டும் இல்லை, டையும் இல்லை. குழி விழுந்த கண்களும் ஊசி ஏறித் தடித்த கையும்தான் இருந்தன.

“பிள்ளை, இதென்ன செத்தவீட்டுப் படமோ? மாலை ஒண்டுதான் குறை!”

“உங்கட வேதனையைக் காட்டோணும் எண்டு டீச்சர் சொன்னவ, அங்கிள். நீங்கள் அதை மறைக்கிறீங்கள்.”

“ஓம், மறைச்சனான்தான். மறைக்கிறவனை ஏன் உரிச்சுப் பாக்கிறாய்?”

கம்சிகா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தனியாள் படம் சுவரில் ஏறினால், ஆள் போய்விட்டார் என்றுதான் எங்கள் சனம் நினைக்கும். “என்ர மனுசி சிவனேஸ்வரியையும் பக்கத்தில கீறு. இல்லாட்டி மாட்ட விடன்,” என்று அவர் ஒரே பிடியாய் நின்றார்.

“நாளைக்குக் குடுக்கோணும், அங்கிள்!” என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டே அவள் புதுத்தாள் எடுத்தாள்.

“சீலை மாத்திப்போட்டு வாறன், பொறு பிள்ளை,” என்று அறைக்குள் போன சிவனேஸ்வரி வெகுநேரமாகியும் வரவில்லை. கம்சிகா அதற்குள் கீறத் தொடங்கிவிட்டதால், பாலேந்திரா கழுத்தைத் திருப்பவும் ஏலாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.