கடைசி வரியைப் பார்ப்பவர்

தேனிப் பக்கம் ஒரு நூற்பாலையில் நான் ஆர்டர் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், ஏ.சி. குளிருக்காகக் கழுத்தில் எப்போதும் மஃப்ளர். வெளிநாட்டு வாடிக்கையாளரின் இணையதளத்திலிருந்து ஆர்டர் ஃபைலை எங்கள் பெரிய கம்ப்யூட்டரே தினமும் காலையில் எடுத்துக்கொள்ளும்படி புரோகிராம் எழுதியவர் அவர்தான். ஆனாலும் பக்கத்து பிசியில் அதே தளத்தைத் திறந்து, அங்குள்ள கடைசி வரியும் வந்த ஃபைலின் கடைசி வரியும் ஒன்றுதானா என்று விரல் வைத்து ஒப்பிடாமல் டீயைத் தொட மாட்டார்.

"நீங்க எழுதுனத நீங்களே நம்ப மாட்டீகளா?" என்று கேட்டேன்.

"அங்கன எதக் குடுத்தாலும் வாங்கிட்டு வந்துரும்ணே. சரியா தப்பான்னு நாமதான் பாக்கணும்."

மகளின் காதுகுத்துக்கு லீவு போட்டபோது அந்த வேலையை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் பார்க்கவில்லை. அன்று தளத்தில் பழுது. வந்தது வெறும் அறிவிப்புப் பக்கம். கம்ப்யூட்டர் அதையே ஃபைலாகச் சேமித்து, ஆர்டர் இல்லை என்று காட்டியது. கப்பலைப் பிடிக்க வேண்டிய லாரி ஆலையிலேயே நின்றது.

"நீ புரோகிராம் எழுதிக் கிழிச்ச லட்சணம் இதானா?" என்று மறுநாள் மேனேஜர் எல்லார் முன்னாலும் அவரிடம் கத்தினார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மஃப்ளரைக் கழற்றி மடித்துக்கொண்டு வெளியே போனவர் பிறகு வரவில்லை.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது இன்றுவரை விளங்கவில்லை. அன்றிலிருந்து கடைசி வரியை நான்தான் பார்த்தேன். பொறுப்பான ஆள் என்று மேனேஜர் என்னைப் பாராட்டினார்.