என்ன கலர் சேலை?

திருத்தணியில் துளசிங்கத்தின் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆடிக் கிருத்திகை அன்று சரவணப் பொய்கைக் கரையில் அவர் மைக்கைப் பிடித்தால் மலைமேல் முருகனுக்கே காதடைக்கும்.

அந்தக் குரல் சும்மா வந்ததல்ல. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக, திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் நடுவே ஆயுசில் பாதியைத் தொங்கிக்கொண்டே கழித்தவர். வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற ஊரில், அத்தனை சத்தத்தையும் மீறி ஆள் கூப்பிட்டு ஏற்ற வேண்டுமென்றால் தொண்டை எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டதும் மனுஷன் வீட்டில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தார். மனைவி கௌரியம்மாள் ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு அவளே அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய்த் தணிகை நேசக்கரம் சேவைச் சங்கத்தில் சேர்த்துவிட்டாள். சங்கத் தலைவர் தீனதயாளன், சிமெண்ட் கடைக்காரர், நல்ல மனுஷன். வந்தவரை வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டார்.

ரத்ததான முகாமில் துளசிங்கத்தை நிறுத்தினார்கள். முதல் ஆளின் கையில் ஊசி இறங்கியதைப் பார்த்ததும் துளசிங்கம் தடாலென்று விழுந்தார். ரத்தம் கொடுக்கப் படுத்திருந்தவர் எழுந்து கட்டிலை இவருக்குக் கொடுத்து, தனக்கு வைத்திருந்த ஜூஸையும் இவர் வாயில் ஊற்றிவிட்டுப் போனார். சரி, கண் முகாமுக்கு வரிசையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அனுப்பினால், பழக்க தோஷம், “உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கீது பாரு!” என்று டாக்டரின் அறைக்குள்ளேயே ஒரு பஸ் ஆட்களை ஏற்றிவிட்டார். டாக்டர் ஜன்னல் வழியாகத் தண்ணீர் கேட்டாராம்.

கடைசியில்தான் கிருத்திகைக் கூட்டத்தில் சங்கம் போடுகிற ‘காணாமல் போனவர்கள் பந்தல்’ அவர் கைக்கு வந்தது. தமிழில் ஒரு தடவை, ஆந்திராக்காரர்களுக்காகத் தெலுங்கில் ஒரு தடவை. அன்றிலிருந்து சங்கத்துக்கு நல்ல பெயர். துளசிங்கத்துக்குத் தலைகால் புரியாத பெருமை.

பந்தலுக்குச் செலவு இருக்கிறதே, அதற்கு நன்கொடை வசூலிக்கக் கிளம்பினார்கள். பொதட்டூர்பேட்டை லுங்கிக்கடைக் கோதண்டபாணி முழுச் செலவையும் தானே ஏற்பதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு அறிவிப்பு முடிந்ததும் அவர் கடைப் பெயரைச் சொல்ல வேண்டும். துளசிங்கமும் அட்சரம் பிசகாமல் சொன்னார். “மஞ்சள் சட்டை போட்ட நாலு வயசுப் பையன் அழுதுகினு இருக்கான். பொதட்டூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு எதிரில், கோதண்டபாணி லுங்கி சென்டர்!” ஒரு குடும்பம் பதறியடித்துக்கொண்டு பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்கே போய்விட்டது. கோதண்டபாணி அவர்களைச் சமாதானப்படுத்தி, ஆளுக்கொரு லுங்கியும் விற்றுத்தான் திருப்பி அனுப்பினார். வியாபாரி என்றால் சும்மாவா!

ஆனால் அந்தப் பந்தலில் உண்மையான தலைவலி வேறு. திருத்தணிக்கு வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் மொட்டை போட வருகிறவர்கள். மலை ஏறும்போது ஒரு முகம், இறங்கும்போது வேறு முகம். போன வருஷம் ஓர் அம்மாள் வந்து, “சுருட்டை முடிங்க, பெரிய மீசைங்க” என்று புருஷனைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதாள். பக்கத்து நாற்காலியில் மொழுமொழுவென்று தலையும் மேலுதடுமாக ஒருத்தர் உட்கார்ந்து, “நீளமான ஜடைங்க, பூ வெச்சிருப்பா” என்று பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் மொட்டை. ஒருவருக்கொருவர் தண்ணீர் பாட்டிலைக்கூடக் கொடுத்து ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

அதனால் முகத்தை நம்பிப் பிரயோஜனமில்லை, துணியைக் கேட்க வேண்டும் என்று துளசிங்கம் சட்டம் போட்டார். சேலை நிறம் சொல்லாத புருஷனுக்கு மைக் கிடையாது. “மஞ்சள்” என்று தப்பித்துக்கொள்ளவும் விடமாட்டார். கிருத்திகையில் ஊரே மஞ்சள்தான் கட்டும். “எலுமிச்சை மஞ்சளா, மாம்பழ மஞ்சளா, அரைச்ச மஞ்சளா? தெரியாதா? ஏம்பா, காலையில ஒண்ணாத்தானே பஸ்ஸு ஏறினீங்க? கட்டின பொண்டாட்டி இன்னா கட்டிகினு வந்தான்னு பாக்கமாட்டியா? கண்ணு இன்னாத்துக்கு?” இதெல்லாம் மைக்கை அணைக்காமலே. பொம்பளைகள் கூட்டம் நின்று கேட்டுவிட்டுக் கைதட்டும்.

இந்த வருஷம் இந்தச் சட்டமெல்லாம் நடக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது. பங்குனியில் துளசிங்கத்தின் தொண்டை கட்டியது. கட்டியது கட்டியபடியே இருந்தது. வேலூரில் டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார். ஊர் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, பொய் சொல்வானேன். கௌரியம்மாள் மட்டும் அந்த அமைதியைத் தாங்கமாட்டாமல் சாமி படத்துக்கு முன்னால் நின்று ஏதோ முணுமுணுத்தாள். ஆனியில் குரல் திரும்பி வந்தது.

கிருத்திகை அன்று காலை பந்தலில் மைக் சோதனை நடக்கும்போது கௌரியம்மாள் வந்து நின்றாள். “ஏங்க, மேல போயிட்டு வேண்டுதலை முடிச்சிட்டு வந்துடறேன். போனைப் புடிங்க, கூட்டத்துல எவனாவது அடிச்சிடுவான். மத்தியானம் இங்கியே வந்து சாப்பிடறேன்.” துளசிங்கம் “ஆங், ஆங்” என்றார். அது அவளுக்குச் சொன்னதா, மைக்குக்குச் சொன்னதா என்று கண்டுபிடிக்க முடியாது.

மத்தியானம் தாண்டியது. கௌரியம்மாளின் போன் துளசிங்கத்தின் சட்டைப்பையில் அடித்தது. சென்னையிலிருந்து மகள் அனிதா. “நைனா, அம்மா சாப்பிட்டுச்சா? சுகர் மாத்திரை போட்டுச்சா? போன மாசம் கடையில மயங்கி விழுந்துச்சே, ஞாபகம் கீதா?”

துளசிங்கம் போனை வைத்தார். எழுந்து பார்த்தார். எங்கே பார்த்தாலும் காவடி, மஞ்சள் துணி, சந்தனம் பூசிய தலைகள். இதில் மயங்கி விழுந்தால் தூக்குவதற்குக் குனியக்கூட இடம் கிடையாது. பாய்ந்து வந்து மைக்கை எடுத்தார்.

பந்தலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற மோகனப்ரியா டீச்சர், சங்கத்தின் பொருளாளர், மைக்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். “சார், யாருக்கு அறிவிப்பு?”

“எங்க வீட்டுக்காரிம்மா. கௌரி. காலையில போனவ, இன்னும் காணோம்.”

“என்ன கலர் சேலை சார்?”

துளசிங்கம் வாயைத் திறந்தார். அந்தத் தொண்டையிலிருந்து, டாக்டர் சொல்லாமலே, சத்தம் வரவில்லை. காலையில் இந்த இடத்தில்தான் நின்றாள். சேலை கட்டித்தான் இருந்தாள்.

“மஞ்சள்,” என்றார்.

“எந்த மஞ்சள் சார்?” டீச்சர் வேண்டுமென்று கேட்கவில்லை. பாவம், பழக்கம்.

வரிசையில் நின்றிருந்த புருஷர்கள் அத்தனை பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. ஒருத்தர், “கண்ணு இன்னாத்துக்கு?” என்று கூட்டத்தில் ஒளிந்துகொண்டு கேட்டார். துளசிங்கம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மலைப்படி பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு மைக்கை விட்டாள்.

“கௌரி,” என்று ஆரம்பித்தார். ஊரே கேட்டது. “கௌரியம்மா, திருத்தணி. வயசு... அம்பத்தாறோ ஏழோ. சேலை எனக்குத் தெரியலைங்க. நெத்தியில பெரிசா பொட்டு வெச்சிருக்கும். சுகர் இருக்குது. யார் சாப்பாடு போட்டாலும் மத்தவங்களுக்கு எடுத்து வெச்சிட்டுத்தான் சாப்பிடும், அதுக்குள்ள மயங்கிடும். எந்தப் புண்ணியவான் பக்கத்துல இருந்தாலும் ஒரு வாய் எதனா குடுத்து இங்க கூட்டியாந்துடுங்க. கௌரி, நீ கேட்டுகினு இருந்தா வந்துடும்மா. நான் இனிமே கத்தலை.”

தொண்டர்கள் ஓடினார்கள். ஓடினால் போதுமா? சேவை செய்கிற உற்சாகத்தில் அகப்பட்ட கௌரிகளையெல்லாம் பிடித்து வந்தார்கள். நகரியிலிருந்து வந்த ஒரு கௌரம்மா, “மா பாவாவா, எங்க வீட்டுக்காரரா தேடினாரு?” என்று ஆசையோடு கேட்டு, இல்லையென்றதும் கோபித்துக்கொண்டு போனாள். இன்னொரு கௌரி எட்டு வயசு. ஒவ்வொரு தடவையும் துளசிங்கம் நிமிர்ந்து பார்த்து, தலையாட்டி, நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சரிந்தார். கடைசியில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போது மேஜைக்கு எதிரே ஒரு பொம்பளை வந்து உட்கார்ந்தாள். மொட்டைத் தலை, காதுவரை சந்தனம், அரோகரா போட்டுப் போட்டுக் கரகரத்த குரல்.

“ஐயா, ஆளைக் காணோம்.”

மனசு எங்கேயோ இருந்தாலும் வாய் தன் வேலையைச் செய்தது. “யாரும்மா?”

“வீட்டுக்காரரு.”

“இன்னா சட்டை?”

“வெள்ளை. மூணாவது பட்டன் மட்டும் நீல நூலுல தெச்சது. நேத்து ராத்திரி நான்தான் தெச்சேன், வெள்ளை நூலு தீந்துபோச்சு. இடது கால் செருப்புல வாரு அறுந்து ஊக்கு குத்தியிருக்கும். வலது காது கொஞ்சம் மந்தம், ஒத்துக்கமாட்டாரு. டீயில சர்க்கரை கம்மின்னு சொல்லிகினே குடிச்சி முடிச்சிடுவாரு. பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது.”

இவ்வளவு சுத்தமாக அடையாளம் சொல்லி இந்தப் பந்தலில் யாரும் கேட்டதில்லை. துளசிங்கம் மைக்கை இழுத்து, “வெள்ளைச் சட்டை, மூணாவது பட்டன் நீல நூல்...” என்று ஆரம்பித்தவர், அப்படியே குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார். மோகனப்ரியா டீச்சர் ஏற்கெனவே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னாமே இது கோலம்?”

“உங்க தொண்டைக்குத்தான் நேந்துகினேன். முடியைக் குடுத்துட்டு எறங்கி வர்றேன், நீங்க ஊர்ல இருக்கற கௌரியெல்லாம் கூப்பிட்டு வெச்சிப் பாத்துகினு இருக்கீங்க.”

“எப்ப வந்த?”

“சேலை தெரியலைன்னு சொன்னீங்களே, அப்பவே. பின்னாலதான் நின்னுகினு இருந்தேன். இன்னும் இன்னா சொல்றீங்கன்னு பாக்கலாம்னு.”

“மாத்திரை?”

“போட்டாச்சு. டீச்சரு பிஸ்கட் குடுத்தாங்க.”

துளசிங்கம் டீச்சரை முறைக்கப் பார்த்தார். முறைப்பு வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. மைக் திறந்தே இருந்ததால் இத்தனையும் பொய்கைக் கரை முழுக்கக் கேட்டுவிட்டது. வரிசையில் நின்ற புருஷர்கள் சத்தம் போட்டார்கள். “ஐயா, இப்பவாச்சும் சேலை கலரைச் சொல்லுங்க!”

துளசிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள், “சீ, இன்னா பார்வை” என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர் விடவில்லை. மேஜையைச் சுற்றிப் போய் நின்று பார்த்தார். அப்புறம் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, பஸ்ஸில் ஒரு நாளும் பேசியிராத சின்னக் குரலில் சொன்னார்.

“அரைச்ச மஞ்சள். செவப்புக் கரை. காதுக்குப் பின்னால, முடி இருந்த எடத்துல, ஒரு மச்சம் கீதுங்க. கல்யாணம் ஆகி இத்தினி வருஷத்துல அதை நான் பாத்ததே இல்லை.”