கிட்டுசாமி எழுதிவைத்த தோப்பு

அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில் எங்கள் தெருக்காரர் கிட்டுசாமியைப் போல ஒரு சிக்கனக்காரர் அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. நவம்பரில் நனைத்த டீ பையை ஜனவரி வரை ஓட்டுவார். அதைக் குப்பையில் போடும்போது அவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன். மருந்துக் கம்பெனியில் முப்பது வருஷம் கெமிஸ்ட். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அப்படிப்பட்டவர் 1998இல் தன் ரிடையர்மென்ட் பணம் முழுவதையும் ஆஸ்பத்திரிக்கு எழுதிவைக்கப் போகிறேன் என்றபோது, தெருவில் நாலு கார் தானாக நின்றுவிட்டன. அவர் நெஞ்சைப் பிளந்து, சரிசெய்து, தைத்து அனுப்பிய ஆஸ்பத்திரி அது.

ஆனால் வீட்டில் தங்கை மரகதம் இருந்தாள். புருஷன் போனபிறகு பொள்ளாச்சியிலிருந்து வந்தவள். அண்ணனை விட்டால் அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. அதற்கும் வக்கீல் கலாவதி ஒரு வழி சொன்னாள். கிட்டுசாமி காலத்துக்குப் பிறகு பணம் ஒரு டிரஸ்டுக்குப் போகும். மரகதம் இருக்கிறவரை அது அவளுக்கு மாதாமாதம் கொடுக்கும். அவளுக்கும் பின்னால் மீதி ஆஸ்பத்திரிக்கு.

கிட்டுசாமி அதை வீட்டில் சொன்ன விதம்தான் தப்பு.

"மரகதம், பணத்தை ஆஸ்பத்திரிக்குத் தானம் பண்ணப்போறேன். அதுலயிருந்து உனக்கு மாசாமாசம் தருவாங்க."

மரகதம் இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். "தானம் கொடுத்ததுல கை வெச்சு நான் சோறு திங்கறதா? சிவன் சொத்து குல நாசம்."

"இது சிவன் கோயில் இல்ல, ஹார்ட் ஆஸ்பத்திரி."

"எல்லாம் ஒண்ணுதானுங்க அண்ணா. செக் வந்தா அப்படியே திருப்பி அனுப்பிருவேன்."

சொன்னால் செய்வாள். அவள் சம்மதிக்காமல் கையெழுத்துப் போட அவருக்கு மனமில்லை. பத்து நாள் படிவம் சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது. பத்து நாளும் ரசத்தில் உப்பில்லை. உப்புப் பட்டால் உருகும் வாசல் பனியில் கொட்டிப் பார்த்தார், அதுகூட உருகவில்லை.

கடைசியில் கலாவதியே வந்து, காகிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். "ஆன்ட்டி, உங்க ஆயுசு முழுக்க வருமானம் உங்களுக்கு. அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு."

"அப்ப முதல்ல எனக்கா?"

"முதல்ல உங்களுக்கு."

மரகதத்தின் புருஷன் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவர். அவர் வாசிக்கக் கேட்டே பாதிச் சட்டம் அவளுக்கு மனப்பாடம்.

"இது ஆயுள் அனுபவமல்லோ?" என்று அண்ணனைப் பார்த்தாள். "பொண்டாட்டி இருக்கறவரைக்கும் தேங்காய் அவளுக்கு, அப்புறம் தோப்பு கோயிலுக்குன்னு எங்க வீட்டுக்காரர் எத்தனை பத்திரம் எழுதியிருக்கார். அவளை யாரும் திருடின்னு சொன்னதில்ல. இத்தனை படிச்சும் இதை நேராச் சொல்லத் தெரியலீங்களே."

"நான் கெமிஸ்ட்தானே," என்றார் கிட்டுசாமி.

அவளுக்கு இன்னொரு சந்தேகம். "நான் நூறு வயசு இருந்துட்டா மரம் மிஞ்சுமா, கண்ணு?"

"பார்த்துத்தான் பறிப்போம் ஆன்ட்டி," என்றாள் கலாவதி.

கிட்டுசாமி பேனாவைத் தேடினார். மரகதம் எடுத்து நீட்டினாள். ஆனால் பிடியை விடவில்லை.

"எனக்குத் தோப்பு வர்றதுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. காலைல மாத்திரை போட்டீங்களா?"

போடவில்லை. அவள் தண்ணீர் கொண்டுவந்து, அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் பேனாவைக் கொடுத்தாள்.