ராமையா கிளாக்கரின் மூன்று புள்ளிகள்

நாலு எழுத்து இங்கிலீஷ் தெரிந்தால் நமக்குத்தான் எவ்வளவு திமிர்!

போன வாரம் பூண்டுலோயாவில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகள் நிர்மலாவுக்குக் கல்யாணம். ஹட்டன் பிரஸ்ஸில் இருந்து இருநூறு கார்டும் வந்துவிட்டன. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். இங்கிலீஷைத் திருத்திக் கொடுத்த மேதாவி... வேறு யார், நானேதான்.

முதல் கார்டை மச்சானின் படத்துக்கு முன்னால் வைக்க எடுத்துப் போன அக்கா, அப்படியே நின்றுவிட்டாள். மச்சான் இறந்து மூன்று வருடமாகிறது.

"தம்பி, இங்கிலீசுல போட்டிருக்கிறது யாரு பேரு?"

"மச்சான் பேருதாங்க்கா. கே எம் பி ராமையா."

"புள்ளியெல்லாம் எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

"இப்பல்லாம் இனிஷியலுக்குப் புள்ளி வைக்கிறதில்லக்கா. அது பழைய ஸ்டைல்" என்று லெக்சர் அடித்தேன்.

அக்கா அலுமாரியைத் திறந்து ஒரு கைக்குட்டையை எடுத்து வந்தாள். மூலையில் சிவப்பு நூலில் மூன்று இங்கிலீஷ் எழுத்துகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன முடிச்சு.

"கல்யாணமான புதுசுல அவரு எழுதிக் குடுத்தாரு, நான் பார்த்துத் தைச்சேன். எனக்கு இங்கிலீசு எழுத்து தெரியாது... புள்ளி தெரியும். இது இல்லாத கார்ட எடுத்துக்கிட்டு நான் எந்த வீட்டுக்கும் போகமாட்டேன்."

மச்சான் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். அந்தப் பழைய டைப்ரைட்டர் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தோட்ட மேனேஜரைச் சொல்கிற பெரிய துரை என்பதை 'பி.டி.' என்று அடிப்பார் — நம்முடைய தமிழ்ச் சொல்லுக்கு இங்கிலீஷ் கெப்பிட்டல் எழுத்து! ஒரு புள்ளி விழாவிட்டால் தாளை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டு, முதலில் இருந்து அடிப்பார். கொழுந்து பறிக்கிற பெண்களின் பெயர்ப் பட்டியலிலும் அதே புள்ளி, அதே கவனம்.

"இதுக்கெல்லாம் எதுக்கு மச்சான் இவ்வளவு பாடு?" என்று கிண்டல் செய்வேன்.

"தொரைக்கு மட்டும் வச்சா நல்லாவா இருக்கும்?" என்பார்.

அந்த மனுஷனின் பெயரில் இருந்தா புள்ளியை எடுத்தேன்? வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் அழைக்கக் கிளம்ப வேண்டும். திரும்ப அச்சடிக்க நேரமில்லை. கறுப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நான் புள்ளி வைக்க வைக்க, நிர்மலா ஒவ்வொரு கார்டாக வாங்கி மை காய ஊதினாள்.

முதல் கார்டை அக்காவிடம் கொடுத்தேன். மூன்று புள்ளிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இப்பதான் அவரு" என்றாள். படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதாள். நானும்தான்.

இருநூறு கார்ட், அறுநூறு புள்ளி... ஒன்றைக்கூட விடவில்லை, மச்சான்.